‘டார்லிங்’ என்றொரு சொல்

“இங்கிலீசு படித்ததன் அலங்கோலம் பாரீர்! கட்டிய மனைவியை ‘டார்லிங்’ என்கிறான்!” என்று கைகொட்டிச் சிரிப்போர் உளர். மாமல்லபுரக் கடற்கரையில், புதுமணமகன் ஒருவர் தம் துணைவியை அப்படி விளிக்க, அருகிருந்த பெரியவர் முகம் சுளித்ததை நாமே கண்டோம். அயல்மொழி மீதா அவருக்குச் சினம்? இருக்க முடியாது, அவர் கையிலிருந்த கைப்பேசி அயலார் கண்டுபிடிப்புத்தானே! நாலுபேர் கேட்க மனைவியை அன்பொழுக அழைத்ததே அவரைச் சுட்டது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘டியர்’ என்பதோடு ‘லிங்’ என்ற ஈறு சேர்ந்து பழைய ஆங்கிலத்திலேயே உருவான சொல் இது. ‘டியர்’ என்றால் அன்புக்குரியது. விலை மிகுந்தது என்றும் பொருள். நம் ‘அருமை’ வந்த வழியும் அதுவே அன்றோ? எளிதிற் கிட்டாதது அரிது. அரிது ஆதலின் போற்றத்தக்கது. அதனால்தான் ‘அருமை மகள்’ என்கிறோம். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் 22ஆம் சங்கீதம், ஒருவன் தன் உயிரையே ‘டார்லிங்’ என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் நாடியதும் ‘அருமை’யைத்தான். கேலி பேசுவோர் இதை அறிவார்களா?

அதற்காக அச்சொல்லுக்கு ஆலவட்டம் வீச நாம் முன்வரவில்லை. ‘லிங்’ ஈற்றில் சிறுமையின் வாடை உண்டு. வாத்துக் குஞ்சு ‘டக்லிங்’, கீழ்ப்பட்டவன் ‘அண்டர்லிங்’. எனினும் ‘டார்லிங்’ இருவழிப் பாதை. கணவனும் சொல்லலாம், மனைவியும் சொல்லலாம்.

நம் நாடக மேடையும் திரைப்படமும் தந்தவை எவை? ‘நாதா!’ ‘சுவாமி!’ ‘பிராணநாதா!’ நாதன் என்றால் தலைவன். சுவாமி என்றால் உடையவன். உடையவன் ஒருவன் என்றால், உடைமை யார்? மறுமொழியாக அவளுக்குக் கிடைத்ததோ ‘அடியே!’ கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவளை நம்ப வைத்தார்கள். அவள் பெயரை அவன் ஊர் கேட்கக் கூவினாலும் அவள் ஆயுளுக்குக் கேடில்லையாம்! இது அன்பு மொழியா, அடிமைச் சீட்டா?

தமிழில் சமன்மொழி இல்லாமலா போயிற்று? தொல்காப்பியப் பொருளியல், உரிமையோடு விளிக்கும் பொதுச்சொல் ஒன்று ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்கிறது. ‘எல்லா’ என்பதே அச்சொல் என்பர் உரைகாரர். அவன் அவளை ‘எல்லா’ எனலாம். அவளும் அவனை ‘எல்லா’ எனலாம். அதை இலக்கண ஏட்டில் உறங்கவிட்டு, ‘நாதா’வை நாவில் ஏற்றிய புலமையை என்னென்பது! ‘டார்லிங்’ தமிழைக் கெடுக்கிறது என்று கவலைப்படும் பண்டிதர்களிடம் நாம் கேட்க விரும்புவது இதைத்தான்.

சொல் மாறினால் போதுமா என்பர் சிலர். போதாது என்பதை அறிந்துதான், இதே செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும், துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும், மணவிலக்குரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. அண்ணாவின் ஆட்சியில் 1967இல் நிறைவேறி, 1968இல் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருவருக்கும் புரிந்த எந்த மொழியிலும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும் என்றது. அங்கும் பேச்சு ஒருவழியன்று. அவனும் சொல்ல வேண்டும், அவளும் சொல்ல வேண்டும்.

அந்த இளைஞரும் துணைவியும் கடற்கரையை விட்டு ஆதிவராகக் குடைவரைப் பக்கம் நடந்தனர். உள்ளே இரண்டு பல்லவ வேந்தர்கள், ஒவ்வொருவருடனும் இரண்டு அரசியர். ஒரு வேந்தன் அரசியின் கைபற்றி நிற்கிறான். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று வேந்தர் பெயர்கள் கல்லில் உள்ளன. அரசியர் நால்வரில் ஒருத்தியின் பெயரும் அங்கே இல்லை.