ஊமையாக்கப்பட்டவளின் உண்ணாமை

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் அம்மையார் 2007-இல் வெளியிட்ட புதினம், தமிழில் 'மரக்கறி' என்று பெயர் பெற்றிருக்கிறது. 2016-இல் மேன் புக்கர் பன்னாட்டுப் பரிசு. 2024-இல் அம்மையாருக்கு நோபல் பரிசு. பரிசுகள் இருக்கட்டும், பக்கங்களைப் புரட்டுவோம்.

யியோங்-ஹை என்னும் இளம் மனைவி, குருதி தோய்ந்த கனவொன்று காண்கிறாள். வீட்டிலுள்ள இறைச்சியையெல்லாம் எடுத்தெறிகிறாள். அவ்வளவே அவள் செய்த குற்றம்! என்ன கனவென்று கேட்கக் கணவனுக்குப் பொறுமையில்லை. சிறப்பேதும் அற்றவள், தொல்லை தராதவள் என்பதற்காகவே அவளை மணந்தவன் அன்றோ அவன்! குடும்பம் கூடிய விருந்தில் தந்தை அவள் கன்னத்தில் அறைகிறார்; தம்பி கைகளைப் பற்றிக்கொள்ள, வாயில் இறைச்சியைத் திணிக்கிறார். வியட்நாம் போரில் எத்தனை பேரைக் கொன்றோமென்று பெருமை பேசும் தந்தை! தாயோ, மருந்தென்று பொய் சொல்லி ஆட்டுச்சாறு புகட்டுகிறாள். இதற்குப் பெயர் பாசமாம்!

நூலின் மூன்று பகுதிகளும் கணவன், அக்காள் கணவன், அக்காள் ஆகியோர் பார்வையில் நகர்கின்றன. சில கனவுத் துணுக்குகளில் மட்டுமே யியோங்-ஹையின் குரல் கேட்கிறது. அவளுக்கு வாய் இல்லை என்பதை அம்மையார் சொல்லவில்லை. நூலின் அமைப்பே சொல்கிறது.

இறுதியில் அவள் எல்லா உணவையும் மறுக்கிறாள். மரமாகிவிட்டால் வெயிலும் நீரும் போதுமாம். இவளைப் புரட்சிப் பெண் என்று போற்றுவோர் உண்டு. நான் உடன்படேன். அறைந்த கை நலமாயிருக்கிறது. அறைபட்ட உடலன்றோ உருகுகிறது! பட்டினி கிடந்த பெண்ணைத் தெய்வமாக்கியது பழைய உலகம். நாம் அவளைக் கொடியாக்கிப் பிடிப்பதா? உணவை ஒறுக்கும் இந்நோய்க்கு 'அனோரெக்சியா' என்று 1870-களிலேயே மருத்துவர் பெயரிட்டனர். உளநோய்களுள் உயிரை மிகுதியாகப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று. அடக்கிய சினம் மட்டுமே காரணமன்று, மரபுக்கூறும் உண்டு. ஆடவரையும் பற்றும். மருத்துவத்தால் மீண்டோர் பலர். புதினத்து மருத்துவமனைக்கோ குழாயும் ஊசியுமே தெரிகின்றன, இது குறைதான்.

என் நெஞ்சில் நிற்பவள் அக்காள் இன்-ஹை. குடித்துவிட்டு வரும் தந்தைக்குச் சாறு காய்ச்சிக் கொடுத்து அடிக்குத் தப்பியவள்; வளையத் தெரியாத தங்கை அத்தனை அடியையும் வாங்கினாள். பொறுமை என்று தான் எண்ணியது வெறும் அச்சமே என்பதை அவள் காலங்கடந்தே உணர்கிறாள். மருத்துவ ஊர்தியின் பலகணி வழியே மரங்களை அவள் உறுத்துப் பார்க்கையில் புதினம் நின்றுவிடுகிறது. அவளுக்காக இன்னும் ஐம்பது பக்கமேனும் எழுதியிருக்கலாம்.