குளம்பைத் தொட்டுப் பார்க்கும் கை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்து வீடுகளில் படிக்கிற பிள்ளை என்றால் டாக்டர் அல்லது இன்ஜினியர். மாட்டு டாக்டர் என்றால் முகம் சற்றுச் சுருங்கும். அந்தப் படிப்போடு ராணுவ அதிகாரியாகவும் ஆகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் படைப்பிரிவு குதிரை, கோவேறு கழுதை, நாய் ஆகியவற்றை வளர்த்து, பழக்கி, வைத்தியமும் பார்க்கிறது. அதன் மையமும் கல்லூரியும் மீரட்டில் உள்ளன. கால்நடை மருத்துவப் பட்டதாரிகள் கேப்டன் பதவியில் சேர்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் கைவேலை. வண்டி ஏறாத மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதை நொண்டினால், மருத்துவர் முதலில் காலைத் தூக்கி, குளம்பின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுகிறார். உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். பிறகு கணுவருகே விரல் வைத்து நாடி பிடிக்கிறார். நல்ல காலில் அது லேசாகத்தான் தட்டுப்படும். துடிதுடித்தால் உள்ளே வீக்கம். வாயில்லா ஜீவன் சொல்லாததை விரல் கேட்டுக்கொள்கிறது. எந்தக் கருவியையும்விட இதையே நான் உயர்வாக வைப்பேன்.

நாய்களுக்கும் இவர்கள்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக்கில் குண்டடிபட்ட ஜூம் என்ற ராணுவ நாய்க்கு ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. காப்பாற்ற முடியவில்லை.

ஹெப்பாலில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, நமக்குப் பக்கம்தான். உங்கள் மகளோ மகனோ விலங்குகளை நேசித்தால், தடுக்காமல் ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.