முகமூடி விலகியது!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் குளிர்ச்சியை நாடி வெள்ளையர் வளர்த்த ஊர். காப்பித் தோட்டங்கள் வந்தன. உறைவிடப் பள்ளிகளும் வந்தன. 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. விடுதியிலே வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளை. தோட்டத்துச் சரிவிலே காப்பிப் பழம் பறிப்போர் பிள்ளை. மலை ஒன்று, உலகமோ இரண்டு!

இன்று அவ்விரு பிள்ளைகளும் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. கோயிலன்று, குளக்கரையுமன்று, கைபேசிக்குள் விரியும் இணைய விளையாட்டு அரங்கம். அங்கே சாதிப் பட்டம் தேவையில்லை, புனைபெயர் போதும். ஆனால், ஆட்டத்தின் நடுவே பெண்குரல் கேட்டுவிட்டால் வசை பாய்கிறது, மிரட்டல் தொடர்கிறது. சாதியைக் கேளாத அரங்கம், ஆணா பெண்ணா என்று மட்டும் துருவித் துருவிக் கேட்கிறது!

மிகையாகக் கூறுகிறோமா? இல்லை. விளையாட்டுகளில் பெண்கள் இழிவாகக் காட்டப்படுவதை ஆராய்ந்து பேசியவர் அனிதா சர்க்கீசியன். 2014-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றவிருந்த சொற்பொழிவு, கொலை மிரட்டலால் கைவிடப்பட்டது. கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கிடைத்த விடை அது!

இந்த நோயை இளைஞர்க்கான புதினமாக்கியவர்களுள் ஒருவர் பிரிட்னி மோரிஸ். 2019-இல் வெளிவந்த அவரது 'ஸ்லே' நூலின் தலைவி கியரா, 17 வயதுக் கறுப்பின மாணவி. கறுப்பினத்தார்க்கென்றே ஒரு விளையாட்டை உருவாக்குகிறாள். இலட்சக்கணக்கானோர் ஆடுகின்றனர், உருவாக்கியவள் அவளென்பது காதலன் மால்கமுக்கும் தெரியாது. ஆட்டத்தில் எழுந்த பூசலால் ஓர் இளைஞன் கொல்லப்படுகிறான். ஏடுகள் விளையாட்டையே தூற்றுகின்றன. அந்த வேளையில் முகமூடிப் பகைவன் ஒருவன் அரங்கத்தில் புகுந்து அவளை மிரட்டுகிறான்.

முகமூடி விலகுகிறது. வெளிப்படுவது வெள்ளை நிறவெறியனின் முகமன்று. காதலன் மால்கமின் முகம்! இன விடுதலை பேசுகிறவன் அவன். கறுப்பின ஆணின் வீழ்ச்சிக்கு இத்தகைய விளையாட்டுகளும் காரணம் என்கிறவன். இனத்தின் தளையை அறுக்கத் துடித்தவனே பெண்ணின் தளையை இறுக்கத் துணிந்தான். பாரிசில் இருக்கும் சிகாடாவோ, கியரா நேரில் கண்டறியாத தோழி. அருகிலிருந்த காதலன் பகையானான். கடல் கடந்த தோழி துணையானாள். தன் இனத்து ஆணின் குறையை மூடி மறைக்காத ஆசிரியரின் துணிவைப் பாராட்டுகிறோம்.

குறையும் உண்டு. கியரா அந்த அரங்கத்தைக் கட்டியவள். அதன் கதவைத் திறக்கவும் மூடவும் வல்லவள். சேர்வராயன் சரிவிலிருந்து ஆடும் சிறுமியிடம் அந்தச் சாவி ஏது? அரங்கை நடத்திப் பணம் குவிக்கும் நிறுவனத்தை நோக்கி அவள் தனியே கூவினால் எடுபடுமா? இவ்வகையில், கோரி டாக்டரோவும் ஜென் வாங்கும் 2014-இல் வெளியிட்ட 'இன் ரியல் லைஃப்' படக்கதை ஒருபடி முன்னே நிற்கிறது. ஆண் உருவில் ஒளியாதீர், பெண்ணாகவே ஆடுங்கள், அணியாகச் சேர்ந்து ஆடுங்கள் என்னும் அழைப்போடு அது தொடங்குகிறது. ஒருத்தியின் வீரத்தைவிடப் பலரின் ஒற்றுமை பெரிதன்றோ!

தோழர்களே, மால்கம் அமெரிக்காவில் மட்டுமா இருக்கிறான்? மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். "எவனோ ஒருவன் திட்டுகிறான் அண்ணா" என்கிறாள் தங்கை. உடனே அவளுடைய கைபேசியைப் பிடுங்குகிறோம்! திட்டியவன் ஆடிக்கொண்டே இருக்கிறான்; திட்டு வாங்கியவள் வெளியேற்றப்படுகிறாள். இதற்குப் பாதுகாப்பென்று பெயர் சூட்டுகிறோம். பெண்ணை அடுப்பங்கரையில் பூட்டி வைத்தவர்களும் அதே பெயரைத்தான் சூட்டினார்கள்!

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அந்த வழிவந்த நாம் விளையாட்டில் சம உரிமை கேட்கத் தயங்கலாமா?

தமிழ் எழுத்தாளர்க்கு ஒரு வேண்டுகோள். ஏற்காட்டு விடுதியில் ஒருத்தி, காப்பித் தோட்டத்தில் ஒருத்தி. ஒரே மலையில் வாழ்ந்தும் முகமறியாத இருவர், அரங்கத்தில் தோழியராகி, வசைபாடுவோனை எதிர்த்து மற்றப் பெண்களையும் திரட்டும் கதையை எழுதுங்கள். பெண்ணுக்கு முகமூடி தேவைப்படாத நாளை அந்தக் கதை விரைவுபடுத்தட்டும்!