கல் போன குழிக்கு எது தகும்?

யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காக வலிகாமம் வடக்கில் வெட்டிய சுண்ணக்கற் குழிகளை இனி என்ன செய்வது? ஆலையை மீண்டும் திறப்போம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. 1950 இல் தொடங்கிய ஆலை 1990 இல் போரோடு நின்றது. குழிகள் அப்படியே கிடக்கின்றன. தீவுப்பக்கம் கரம்பொன்னில் இருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் காலுக்குக் கீழும் சுண்ணக்கல்தான். மாரித் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றை ஆசைக்கு இன்னும் நாலு முழம் இறக்கினால் சவர்த்தண்ணிதான் வரும்.

மூடித் தோட்ட நிலமாக்கலாம் என்பது முதல் யோசனை. நெய்வேலியில் இது நடக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணே மலையாகக் குவிந்திருப்பதால், திருப்பிக் கொட்டி மரம் நட முடிகிறது. இங்கே மேல்மண் சொற்பம். வெட்டிய கல்லோ சீமெந்தாகி நாடெங்கும் வீடாகவும் பாலமாகவும் நிற்கிறது. நிரப்ப மண்ணுக்கு எங்கே போவது? மூடுவோம் என்ற பேச்சு கடைசியில் குப்பையால் மூடுவதில்தான் போய் முடியும்.

குப்பைக்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2017 இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போனபின், கொழும்பின் குப்பைக்குப் புத்தளம் அருவக்காலுவின் சுண்ணக்கல் அகழ்விடம் வழியாகக் காட்டப்பட்டது. அடியில் கசிவு தடுக்கும் விரிப்புப் போட்டால் ஆபத்தில்லை என்பது ஆதரிப்போர் வாதம். விரிப்பு கிழியாதவரை அது சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. பெரும்பாலும் நிலத்தடி நீரே கதி. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தக் காசு கிணற்றைக் கழுவித் தராது. குப்பை வேண்டவே வேண்டாம்.

குளமாக்கலாம் என்ற யோசனைதான் பலருக்குப் பிடித்தது. எனக்கும் பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. புத்தூர் நிலாவரையைப் பாருங்கள். சுண்ணக்கல் இடிந்து இயற்கையே உண்டாக்கிய குழி அது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநீர்க் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறப் பார்க்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டிய குழியில் வெயில் ஒருபக்கம் குடிக்க, பம்பு மறுபக்கம் இறைத்தால், சுற்றுக் கிணறுகள் தாங்கா.

அதனால் எல்லாக் குழிக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. அடித்தளம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் குழிகளில் மாரி வெள்ளத்தை, மண்டி வடித்து, கல்லுக்குள் இறக்கிவிட வேண்டும். என் முதல் தெரிவு அதுதான். ஆழமாக வெட்டியவற்றில் பம்பும் இறால் வளர்ப்பும் கூடாது. கரையில் வேலியும் பனையும் வேம்பும் போதும். படகு விடுகிறோம் என்று வருபவர்கள் விடட்டும். கழிவறைக் குழி மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.

இந்தத் தெரிவில் ஒரு குறை உண்டு: கல்லுக்குள் இறக்கிய தண்ணீருக்கு யாரும் வாடகை தரமாட்டார்கள், பலன் எங்கோ இருக்கும் கிணற்றுக்காரருக்குப் போகும். ஆகவே தனியாரை நம்பிப் பயனில்லை. பிரதேச சபை பொறுப்பெடுத்து, மாரி முடிந்த தையிலும் கோடை முற்றிய ஆவணியிலும் சுற்றுக் கிணறுகளின் உவரை அளந்து ஊரறியப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.