புகை தின்னும் பாக்டீரியா: கணக்கு எங்கே இடிக்கிறது?

ஹரியானாவின் பானிபட்டில், இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையோடு சேர்ந்தாற்போல் ஓர் எத்தனால் ஆலை நிற்கிறது. அதற்குக் கரும்பு வேண்டாம், மக்காச்சோளம் வேண்டாம். சுத்திகரிப்பில் கழியும் வாயுவைக் குழாய்வழி கொண்டுவந்து பாக்டீரியாவுக்கு ஊட்டுகிறார்கள்; அது தின்று எத்தனாலைக் கழிக்கிறது. 2017-இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 1,28,000 லிட்டர். நுட்பம் லான்சாடெக் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் 2005-இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்டது. வேலை செய்யும் கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம் முதலில் முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நுண்ணுயிர்.

திருவண்ணாமலையிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் கண்ணில் படும் முதல் நன்மை தண்ணீர். ஏரியையும் கிணற்றையும் நம்பிய மாவட்டம் இது. செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு ஏறத்தாழ ஓராண்டு வயலில் நின்று நீர் குடிக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக நாடெங்கும் கரும்போடு அரிசியும் மக்காச்சோளமும் போகின்றன. வாயு எத்தனாலுக்கு விளைநிலம் வேண்டாம். இந்த ஒரு வாதத்தை யாராலும் எளிதில் தள்ள முடியாது.

ஆனால் அளவைப் பாருங்கள். 20 சதவீதக் கலப்புக்கு ஆண்டுக்கு 1,016 கோடி லிட்டர் எத்தனால் தேவை என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட வரைவு கணக்கிட்டது. பானிபட் ஆலை ஒருநாள்கூட நிற்காமல் ஓடினாலும் அதில் அரை சதவீதத்தைத் தொடாது.

கார்பன் கணக்கு இன்னும் சிக்கலானது. கார்பன் மோனாக்சைடு மட்டுமே தீனியானால், ஆறு மூலக்கூறுகளைத் தின்று பாக்டீரியா ஒரே ஓர் எத்தனால் மூலக்கூறைத் தரும். அதில் அடங்குவது இரண்டு கார்பன். மீதி நான்கும் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடும். போதிய ஹைட்ரஜன் கூடச் சேர்ந்தால்தான் கார்பன் முழுவதும் எத்தனாலில் தங்கும். இரும்பாலையின் ஊதுலை வாயுவில் ஹைட்ரஜன் மிகக் குறைவு. ஆகவே பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்செலார்மித்தல் 2022 டிசம்பரில் திறந்துவைத்த, ஆண்டுக்கு 8 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையைவிட, ஹைட்ரஜன் கலந்த வாயு கிடைக்கும் பானிபட்டுக்கு வேதியியல் சாதகமாக இருக்கிறது. எங்கே எடுத்தாலும், அந்த எத்தனால் வண்டியில் எரிந்ததும் கார்பன் மறுபடி காற்றுக்குத்தான் போகிறது. பெட்ரோல் மிச்சமாவது உண்மை. புகை மறைந்துவிட்டது என்பது விளம்பரம்.

“கழிவு வாயு” என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஹைட்ரஜன் தயாரிப்பில் மிஞ்சும் வாயுவைச் சுத்திகரிப்பு ஆலைகள் வழக்கமாகத் தம் உலையிலேயே எரிக்கின்றன. இரும்பாலைகள் தம் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அந்த வாயுவைப் பாக்டீரியாவுக்குத் திருப்பிவிட்டால் உலைக்கு வேறு எரிபொருள் வாங்க வேண்டும். அந்தச் செலவும் அதன் புகையும் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தே லாபமும் நட்டமும். நீரில் எளிதில் கரையாத வாயுவைக் கரைக்கவும், நீர்த்த கரைசலிலிருந்து எத்தனாலை வடிக்கவும் ஆகும் ஆற்றல் தனி.

விலைமதிப்புள்ள வேதிப்பொருள்களில் இந்த நுட்பத்துக்கு எதிர்காலம் கூடுதலாகத் தெரிகிறது. 2022-இல் லான்சாடெக் விஞ்ஞானிகள் அமெரிக்கப் பல்கலைக்கழக, ஆய்வக வல்லுநர்களோடு சேர்ந்து, மரபணு மாற்றிய இதே பாக்டீரியாவிலிருந்து அசிட்டோனையும் ஐசோபுரொப்பனாலையும் எடுத்துக் காட்டினார்கள். முன்னோட்ட அளவில்தான் என்றாலும், எரித்துவிடாத பொருளாக மாறும் கார்பன் சற்றுக் கூடுதல் காலம் கட்டுண்டிருக்கும்.

சரி, குழாய் போட்டு இழுக்கப் பெரிய புகைபோக்கி இல்லாத ஊருக்கு? திருவண்ணாமலையின் வாயு சிதறிக் கிடக்கிறது: ஆரணி, செய்யாறு பக்கத்து நெல்வயல்களில், மாட்டுத் தொழுவங்களில், கிரிவலம் முடிந்த மறுநாள் குவியும் குப்பையில். நீர் தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனை யாரும் குழாயில் பிடிக்க முடியாது. பெங்களூருவில் 2013-இல் எழில் சுப்பியன் இணைந்து தொடங்கிய ஸ்ட்ரிங் பயோ, மீத்தேன் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துப் புரதம் எடுக்கிறது. அதே பாக்டீரியாவைக் கொண்டு பயிர் ஊக்கியும் தயாரிக்கிறது. அதைத் தெளித்தால் வயலின் மீத்தேன் குறைந்து விளைச்சலும் கூடும் என்கிறது நிறுவனம். இந்தப் பக்கத்து மண்ணிலும் பட்டங்களிலும் சுதந்திரமான ஆய்வு நடத்திப் பார்த்தே அதை ஒப்ப வேண்டும்.

காசில்லாத போட்டியாளர் ஒன்றும் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் ஏறத்தாழ பாதிவரை குறையும். ஆனால் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டும் விவசாயிக்கு நீரை நிறுத்துவதால் கையில் காசு மிச்சமில்லை. ஏரிப் பாசனத்திலோ, காயவிட்ட வயலுக்கு வேண்டிய நாளில் முறை வரும் என்ற உறுதி இல்லை. நாலு மூட்டை கூடும் என்று சொல்லி விற்கப்படும் புட்டி, செலவில்லாத பழைய முறையைக் கடைத்தெருவில் முந்திவிட இதுவே போதும்.