ஜென்ட்ஸ் சைக்கிளின் பார்

லேடீஸ் சைக்கிளின் வளைந்த கம்பியைத்தான் அழகு என்பார்கள். எனக்குப் பிடித்தது ஜென்ட்ஸ் சைக்கிளின் பார். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நேராக ஓடும் அந்த ஒற்றைக் குழாய்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள் என்று எழுதுகிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே!

எவ்வளவு சரியான கணக்கு! சேலையோடு ஏறி இறங்க அந்தப் பார் இடைஞ்சல்தான். ஆனால் பிள்ளை கண்ணெதிரே, அம்மாவின் இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கிறது. கேரியர் தண்ணீர்க் குடத்துக்கு. குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர், ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொன்ன அறிவொளித் தொண்டர் என எல்லோரும் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கொண்டுபோய்விடச் சொல்லி வீட்டு ஆண்களைக் கெஞ்ச வேண்டாம். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடியும் மணியோசையுமாகப் புதுக்கோட்டையைச் சுற்றிவந்தார்கள்.

வெறும் பார் பிள்ளைக்கு உறுத்தும். அதற்கென்றே சின்ன சீட் உண்டு. அது இல்லையென்றால் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டால் போதும்.