ஊசி வேண்டாம் என்ற நூலும் ஊசி வேண்டியவர்களும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். கைப்பையில் ஸ்பிரிட் விளக்கு, எவர்சில்வர் டப்பா, அதனுள் ஒரே ஒரு கண்ணாடி ஊசிக்குழல். "அசதியாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் சிவப்பு நிறத் திரவம் ஒன்றை ஏற்றி இடுப்பில் போட்டுவிட்டுப் போவார். அதற்குச் 'சத்து ஊசி' என்று பெயர். என் பெரியம்மாவுக்கு அப்படிப் போட்ட ஊசி ஒன்று சீழ்க்கட்டியாகி, அறுத்துக் கட்டி, ஒரு மாதம் அவர் ஒருக்களித்தே படுத்திருந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? உடம்பு தேற இன்னொரு சத்து ஊசி!

இந்த ஊசி மோகத்தை எதிர்த்து உலகெங்கும் ஓங்கி ஒலித்த நூல் ஒன்று உண்டு. டேவிட் வெர்னர் எழுதிய 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்பது அது. வெர்னர் மருத்துவர் அல்லர், உயிரியல் அறிந்தவர். மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் மக்களோடு வாழ்ந்து, முதலில் ஸ்பானிய மொழியில் இதை எழுதினார். 1977-இல் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு தமிழ் உட்படப் பற்பல மொழிகளுக்குச் சென்றது. இலாப நோக்கமின்றி யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம் என்று முன்பக்கத்திலேயே அனுமதி தந்த நூல். ஊசி போடும் முறையைப் படங்களுடன் விளக்க ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வீட்டிலேயே வைட்டமின் ஊசி போட்டுக்கொள்ள விரும்பும் நீங்கள் அந்த அத்தியாயத்தை நம்பலாமா? இதுதான் நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். எப்படிப் போடுவது என்பதற்கு முன்பாக, எப்போது போடக் கூடாது என்று தொடங்குகிறார் வெர்னர். வாயால் விழுங்கக்கூடிய மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு என்கிறார். நோயாளி ஓயாமல் வாந்தி எடுக்கிறார், நினைவிழந்திருக்கிறார், அல்லது அந்த மருந்துக்கு வாய்வழி வடிவமே கிடையாது என்றால்தான் ஊசி. வைட்டமின்களைப் பொதுவாக ஊசியாகப் போடவே வேண்டாம் என்கிறார். தேவையற்ற ஊசி எப்படிக் குழந்தைகளின் கால்களை முடமாக்கியது என்பதையும் காட்டுகிறார். போலியோ கிருமி உடலில் இருக்கும் வேளையில் தசையில் ஊசி குத்தினால், அந்த உறுப்பே செயலிழக்கும் வாய்ப்பு மிகுதி. இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பின் இயற்கைப் போலியோ காணப்படவில்லை. ஆனால் அதற்கு முன் நம் ஊர்களில் காய்ச்சலுக்கு ஊசி போட்டு நொண்டியான குழந்தைகள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

வெர்னர் மிகைப்படுத்தவில்லை என்பதற்குப் பிற்காலக் கணக்குகளே சான்று. 2000-ஆம் ஆண்டில் மட்டும், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதால் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை 'பி' கிருமியும், 20 இலட்சம் பேருக்கு 'சி' கிருமியும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றின என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

இனி, நூல் சறுக்கும் இடத்துக்கு வருவோம். வைட்டமின் பி12 பற்றி வெர்னர் தரும் தீர்ப்பு கடுமையானது. இந்த ஊசி அரியதோர் இரத்தச்சோகைக்கு மட்டுமே பயன்படும்; அதுவும் வட ஐரோப்பிய வழிவந்த நடுவயதினருக்கே அநேகமாக வரும்; மற்றவர்கள் இதில் காசைக் கரைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். இரத்தப் பரிசோதனை செய்து தேவை என்று தெரிந்தாலன்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற அறிவுரை சரியே. ஆனால் நோய் யாருக்கு வரும் என்ற கூற்று நம் நாட்டுக்குச் சிறிதும் பொருந்தாது. பி12 தாவர உணவில் இல்லை. பால்கூட அதிகம் அருந்தாத சைவ உணவினர், இரைப்பையையோ சிறுகுடலின் கடைப்பகுதியையோ அறுவையில் இழந்தவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் ஆகிய எல்லோருக்கும் இக்குறை வரலாம். வெர்னர் சொன்ன அந்தச் சோகையும் தோலின் நிறம் பார்த்து வருவதில்லை.

இந்தப் பிழை சிறியதன்று. பி12 குறைந்தால் இரத்தம் மட்டும் வெளுப்பதில்லை. நரம்பைப் போர்த்தியுள்ள உறை சிதைகிறது. பாதம் மரத்துப்போகும். இருட்டில் நடந்தால் தள்ளாடும். மறதி வரும். இந்நிலையில் ஒருவர் சோகைக்கென்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கினால் இரத்தம் தேறிவிடும். ஆள் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே தண்டுவடம் தொடர்ந்து கெடும். காலம் கடந்தால் கெட்டது முழுதும் திரும்பாது. 'ஊசி வேண்டவே வேண்டாம்' என்ற நல்ல அறிவுரை இத்தகைய ஒருவரைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பி12 குறைந்த எல்லோருக்கும் ஊசிதானா? இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது சுமார் 2.4 மைக்ரோகிராம். இதை உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் துணை செய்ய வேண்டும். அப்புரதமே இல்லாதவருக்கும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடற்சுவர் வழியாக நுழைகிறது. 1000 மைக்ரோகிராம் மாத்திரை விழுங்கினால் 10 மைக்ரோகிராம் உள்ளே போகும். தேவைக்கு நான்கு மடங்கு! சுவீடனில் பல பத்தாண்டுகளாக மாத்திரையாலேயே பலருக்குச் சிகிச்சை நடக்கிறது. இந்தக் கணக்கு வெர்னரின் பக்கமே பேசுகிறது. எனினும் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குத் தொடக்கத்தில் ஊசியே முறை. மாத்திரையால் தேறாதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் இவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுதும் ஊசி போடுவது வழக்கம். 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது அங்கே பல சிகிச்சை நிலையங்கள் இந்த ஊசியை நிறுத்திவைத்தன. தாமே போட்டுக்கொள்ளப் பலர் அப்போதுதான் கற்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் மருந்துக்கடைகளில் 'சத்து ஊசி' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பி1, பி6, பி12 மூன்றும் கலந்தது. பி1 ஊசியால் அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வருவதுண்டு. பி6 அளவு மீறி நெடுநாள் சேர்ந்தால் அதுவே கால் மரத்துப்போகச் செய்யும். மரத்த காலுக்கென்று போட்ட ஊசியே காலை மரக்கச் செய்தால் யாரிடம் முறையிடுவது?

சரி, மருத்துவர் பரிசோதித்து, உங்களுக்கு ஊசி தேவை என்று எழுதித் தந்துவிட்டார். முதல் சில ஊசிகளைத் தம் முன்னிலையிலேயே போட்டு, ஒவ்வாமை இல்லை என்றும் பார்த்துவிட்டார். இப்போது வெர்னரின் செய்முறைப் பக்கங்களைத் திறக்கலாமா? கையை சோப்பால் கழுவுவது, மருந்தின் பெயரையும் காலாவதி நாளையும் பார்ப்பது, குழலிலுள்ள காற்றை வெளியேற்றுவது என்பவை இன்றும் பொருந்தும். ஊசிக்குழலைக் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் பழைய பதிப்புகளின் முறையை மட்டும் மறந்துவிடுங்கள். வீட்டில் கொதிக்கும் நீர் எல்லாக் கிருமிகளையும், குறிப்பாக அவற்றின் வித்துகளை, அழிப்பதில்லை. இன்று ஒரு ஊசிக்கு ஒரு குழல், ஒரு முறைதான். உங்களுக்கே போட்டதாயினும் அடுத்த முறைக்கு அது ஆகாது.

அடுத்தது, குத்தும் இடம். பெரியவர்களுக்குப் பிட்டத்தின் மேல் வெளிப்புறக் கால்பகுதியை நூல் காட்டுகிறது. பிறர் போடும்போது அது சரிதான். தனக்குத்தானே போட்டுக்கொள்பவருக்குச் சரிவராது. உடம்பை முறுக்கித் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குத்தினால், கை சற்றே தவறினாலும் ஊசி சையாட்டிக் நரம்பில் பாயலாம். பாதம் தொங்கிப்போகும். ஆகவே தொடையே உகந்தது. நாற்காலியில் தளர்வாக அமருங்கள். இடுப்பருகே வெளிப்புறம் துருத்தும் எலும்பிலிருந்து முழங்கால் வரை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பங்கில், தொடையின் வெளிப்பக்கம்தான் இடம். அங்கே பெரிய நரம்போ இரத்தக் குழாயோ இல்லை. கண் பார்க்க, கை எட்ட, செங்குத்தாகக் குத்தி, மருந்தை மெல்லச் செலுத்தலாம். அடுத்த முறை மற்றத் தொடை. ஊசியின் நீளத்தை உங்கள் உடல்வாகு பார்த்து மருத்துவரோ செவிலியரோ சொல்ல வேண்டும். கடைக்காரர் கையில் அகப்பட்டதை வாங்கக் கூடாது.

பி12 பெரும்பாலும் கண்ணாடி ஆம்பூலில் வரும். அதை உடைப்பதில்தான் புதியவர்கள் விரலை அறுத்துக்கொள்கிறார்கள். தலையில் நிற்கும் மருந்தைத் தட்டிக் கீழே இறக்கி, கழுத்தில் துணிப்பட்டியைச் சுற்றி, தன் உடலுக்கு எதிர்ப்புறமாக ஒடிக்க வேண்டும். கண்ணாடித் துகள் புகாமலிருக்க, உறிஞ்சிய ஊசியை மாற்றிப் புது ஊசியால் போடுவது நலம். மருந்தின் சிவப்பைக் கண்டு திகைக்காதீர்கள். பி12-இன் நடுவே இருக்கும் கோபால்ட் தரும் நிறம் அது. எங்கள் கம்பவுண்டரின் திரவம் சிவந்திருந்ததும் ஒருவேளை இதனாலேயே இருக்கலாம். மருந்துப்பெட்டியை வெயில் படாமல் வையுங்கள். ஒளி பி12-ஐச் சிதைக்கும்.

போட்ட பின் ஊசிக்கு மூடி போடப் பார்க்காதீர்கள். விரலில் குத்துவது அப்போதுதான். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்து, ஊசியும் குழலுமாக நேரே அதனுள் போடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் நன்றாக மூடி, ஒட்டி, உங்களுக்கு ஊசி எழுதித் தந்த மருத்துவமனையிலேயே ஒப்படைக்கக் கேளுங்கள். குப்பைத் தொட்டியில் எறிந்த ஊசி, மறுநாள் காலை வெறுங்கையால் அதைப் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் உள்ளங்கையில் ஏறும்.